ஓதச் சுவரில் படுத்திருந்தவர்

சந்தனமாரி தெருவில் சுவர் ஓதம் காப்பது அதிசயமே இல்லை. தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடுகிற தெரு அது. ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் ஜாடியில் உப்பு உருகும், தீக்குச்சி பற்றாது, பீரோவுக்குள் மடித்து வைத்த பட்டுப்புடவை வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம் பூத்து மக்கின வாடை அடிக்கும், இதையெல்லாம் ஒருத்தரும் ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே, தங்கபுஷ்பம் வாடகைக்குக் குடியிருந்த கீழ்வீட்டின் முன்னறைச் சுவரில், செத்துப்போன அவள் புருஷன் ஆவுடையப்பன் தெற்கே தலை வைத்து நீட்டிப் படுத்திருக்கிறார் என்று தெரிய வந்தபோது, தெரு முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

“ஓனர்ட்ட சொல்லியாச்சா?”

சொல்லியாச்சு என்றால் வருஷக்கணக்காகச் சொல்லியாச்சு. ஆவுடையப்பன் உயிரோடு இருந்த காலமெல்லாம் சொன்னார். மேலே வீட்டு ஓனர் குத்தாலிங்கம் அண்ணாச்சியின் குளியலறை, அதற்கு நேர் கீழே இவர்கள் முன்னறைச் சுவர். அண்ணாச்சி மேலே வாளியைக் கவிழ்த்தால் கீழே சுவர் வேர்க்கும். “மேல பைப்பு எங்கயோ ஒழுகுது அண்ணாச்சி, ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து பாருங்க” என்று இவர் சொல்வார். “பைப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆவுடை. நீங்க ஜன்னலச் சாத்தி வச்சுக்கிட்டு உள்ளயே துணியக் காயப் போடுதிய. பொறவு சுவரு ஓதம் காக்காம என்ன செய்யும்?” என்று அவர் சொல்வார். மழைக்காலத்தில் துணியை வெளியிலா காயப்போட முடியும் என்று கேட்டால் அண்ணாச்சி தலையைத் தலையை ஆட்டுவார், ஆனால் ஆள் வராது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் பூசணத்தின் மேலேயே ஒரு கை வெள்ளை அடித்துவிட்டுப் போவார்கள், மாசி முடிவதற்குள் பழையபடி கறுப்பு எட்டிப் பார்க்கும். வாடகை வீட்டின் சட்டமே அப்படித்தானே. சுவர் ஓனருடையது, அதில் ஆணி அடிக்கக்கூட அவரைக் கேட்க வேண்டும். சுவரில் பூத்த பூசணம் மட்டும் குடியிருக்கிறவர்களுடையது.

ஆவுடையப்பன் ரதவீதிப் பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிற வேலை பார்த்தவர். கல்யாணச் சீருக்கும் மொய்க்கும் வாங்குகிற குடம், தூக்குவாளி, தாம்பாளம் எல்லாவற்றிலும் சின்ன மெஷினைப் பிடித்துப் பொட்டுப் பொட்டாக எழுத்தை இறக்குவார். அந்தத் தெருவில் அவர் கையெழுத்து இல்லாத அடுப்பங்கரை கிடையாது. பெற்றது ஒரே மகள், முகிலா. அவளுடைய தட்டு, டம்ளர், டிபன் பாக்ஸ், ஜாமெட்ரி பாக்ஸ், ஏன், மருந்து ஊற்றுகிற ஸ்பூனின் காம்பில்கூட அவள் பேர் இருக்கும். “பேரு வெட்டுன பொருளு எங்க போனாலும் வீட்டுக்குத் திரும்பி வந்துரும்” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே இளைப்பு. மழை பிடித்தால் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். அதனால்தான் அந்தச் சுவரைப் பற்றி அவர் அத்தனை முறை மாடிப்படி ஏறினார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். குத்தாலிங்கம் அண்ணாச்சி நகரவில்லை.

ஆவணிக் கடைசியில், கடையில் ஒரு அண்டாவைக் கவிழ்த்து வைத்துப் பேர் வெட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போய்விட்டார். வாடகை வீட்டுக்காரனுக்குச் சாவு வந்தால் அது ஒரு சாவோடு நிற்பதில்லை. பிணத்தை எங்கே கிடத்துவது என்று ஒன்று இருக்கிறதே. மாடியில் அண்ணாச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள், வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. அண்ணாச்சி தெருமுனைக்கே வந்து, வண்டியை மறித்து, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். “கோவிச்சுக்கிடாத தாயி. நல்ல காரியம் வச்சிருக்கு. ஒரே வாசலு. நீயே யோசிச்சுப் பாரு” என்றார். புஷ்பம் யோசித்துப் பார்க்கிற நிலைமையில் இல்லை. தூறலில் வேப்பமரத்தடியில் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, வந்தவர்கள் எட்டி எட்டி முகம் பார்த்து, குளிப்பாட்டாமல், கோடித் துணி போடாமல், ஒரு குரல் சேர்ந்து அழாமல், அப்படியே ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள். தன் தட்டும் டம்ளரும் இருக்கிற வீட்டின் வாசலை அந்த மனுஷன் கடைசியாக மிதிக்கவே இல்லை. புஷ்பத்துக்கு அதுதான் ஆறவே இல்லை. செத்ததைக்கூட விதி என்று சொல்லிக்கொள்ளலாம், இதை என்னவென்று சொல்லிக்கொள்வது?

ஐப்பசி மழையில் சுவரில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு வந்தது. தெற்கு ஓரத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முதலில் வந்தது. வழக்கமான பூசணம்தான் என்று புஷ்பம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். மறுபடி வந்தது, மறுபடி கழுவினாள். பிறகு வடக்குப் பக்கம் இரண்டு பாதம் வந்தது. கால் பெருவிரல் இரண்டும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. பூசணத்தில் எங்கேயாவது முடிச்சு விழுமா? விழுந்திருந்தது. பிறகு முழங்கால் வந்தது, வேட்டி மடிப்பு வந்தது, வயிற்றின்மேல் வைத்த கைகள் வந்தன. இடது கையில், மெஷின் நழுவி நகம் பேர்ந்து கோணலாய்ப் போன அந்தச் சுண்டுவிரலைப் பார்த்ததும் புஷ்பம் கையிலிருந்த வாளியை மெள்ளக் கீழே வைத்தாள். தெற்கு ஓரத்தில் தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது எது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த இடத்தில் பிறகு பூசணம் பூக்கவே இல்லை. கழுத்துவரை வந்து நின்றுவிட்டார். முகத்தை அவளே அழித்துவிட்டிருந்தாள்.

எதிர்வீட்டு ஜெயசெல்வி அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினாள். அவளும் வாடகைக்குக் குடியிருப்பவள். சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, “ஆமா பிள்ள, ஒங்க வீட்டு ஆளுதான்” என்றாள். “வந்துட்டாவ பாத்தியா. வெளியவே வச்சு அனுப்புனோம்லா, எப்படி மனசு ஆறும்?” என்று சொல்லி, அங்கேயே தரையில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் கேட்டுத் தெரு வந்தது.

வந்தவர்கள் ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு எப்படி வருவார்களோ அப்படி வந்தார்கள். பெண்கள் உள்ளே வந்து புஷ்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், ஆண்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி அரசியலும் மழையும் பேசினார்கள், யாரோ பக்கத்து வீட்டிலிருந்து பெரிய தூக்குவாளியில் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்தார்கள், அந்தத் தூக்குவாளியிலும் ஆவுடையப்பன் வெட்டிய பேர் இருந்தது. புறப்படும்போது போய் வருகிறேன் என்று எவரும் சொல்லவில்லை, துஷ்டி வீட்டில் சொல்லக்கூடாதல்லவா. பூக்காரி ஒரு மாலை கொண்டுவந்து சுவரோடு சாய்த்தாள், அது மத்தியானத்துக்குள் பூசணம் பூத்து அவரோடு சேர்ந்துகொண்டது. சுடுகாட்டுக்குப் போன அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அந்த அறையில் அழுது தீர்த்தார்கள். புஷ்பத்துக்கு வெகுநாளைக்குப் பிறகு சோறு இறங்கியது.

அதோடு விடவில்லை தெரு. வாடகைக்குக் குடியிருந்து, ஓனர் சம்மதிக்காமல் ஆஸ்பத்திரியிலிருந்தே நேராகச் சுடுகாட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அந்தத் தெருவில் மட்டும் எத்தனை பேர். ஜெயசெல்வி தன் மாமியாரைத் தேடி அடுப்பங்கரைச் சுவரை விளக்குப் பிடித்துப் பார்த்தாள். ஓட்டு ஒழுகல், தளம் ஒழுகல் என்று தினமும் சண்டை பிடித்தவர்கள் சண்டையை நிறுத்திவிட்டு, ஒழுகுகிற இடத்துக்கு நேராகப் பாத்திரம் வைக்காமல் காத்திருந்தார்கள். செய்தி ஓனர்மார் காதுக்கும் போயிற்று. எந்தக் காலத்திலும் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் கொத்தனாரும் பிளம்பருமாக வந்து இறங்கினார்கள், மூலை முடுக்கெல்லாம் சிமெண்ட் பூசினார்கள், நீர் இறங்காத பெயிண்டை வாங்கி இரண்டு கோட் அடித்தார்கள். இருக்கிறவன் கெஞ்சி நடக்காதது செத்தவன் வந்து படுத்ததும் நடந்தது. ஜெயசெல்வியின் மாமியார் வரவில்லை. சுவர் பளபளவென்று ஆகிவிட்டது, அவள் அதற்கும் அழுதாள்.

குத்தாலிங்கம் அண்ணாச்சியும் கொத்தனாரோடு இறங்கி வந்தார். அறைக்குள் வராமல் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, சுவரைப் பார்க்காமல், “ஓதந்தான் தாயி, கண்டதையும் நெனச்சு மனசக் கொழப்பிக்கிடாத. கொத்திட்டுப் பூசிருவோம்” என்றார்.

“எங்க வீட்டு ஆளு படுத்திருக்காவ. துஷ்டி வீட்ல கடப்பாரையத் தூக்கிட்டு வாரிய?” என்று கேட்டாள் புஷ்பம். தெருவும் அவள் பக்கம் நின்றது. கொத்தனார் அந்தக் கால் பெருவிரல் முடிச்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போயேவிட்டார்.

புஷ்பம் சுவரை ஒட்டிப் பாயை விரித்துக்கொண்டாள். முகிலாவும் அப்பா பக்கம்தான் படுப்பேன் என்று வந்து படுத்தாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அந்தச் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள், சாப்பிடும்போது தட்டைச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்தாள். அடுத்த மழை வலுத்ததும் பிள்ளைக்கு இளைப்பு வந்தது. முன்பெல்லாம் விசில்போல வரும், இப்போது ரம்பம் இழுக்கிறதுபோல வந்தது. குழந்தை டாக்டரம்மா மூஞ்சியில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையை இழுக்கச் செய்துவிட்டு, முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுக் கேட்டாள்:

“வீட்ல சுவரு எதுவும் பூசணம் பிடிச்சிருக்காம்மா?”

புஷ்பம் மகளைப் பார்த்தாள். மகள் மாஸ்க்குக்குள்ளிருந்து அவளைப் பார்த்தாள்.

“இல்ல டாக்டர்” என்றாள் புஷ்பம்.

“இருந்தா மொதல்ல அத எடுக்கணும். அது இருக்க வரைக்கும் நான் என்ன மருந்து குடுத்தாலும் தண்ணிக்குச் சமம்” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு முகிலா, “அப்பாவப் பத்திச் சொல்லிட்டா வந்து எடுத்துருவாவளாம்மா?” என்று கேட்டாள். புஷ்பம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு பொய் சொன்ன வாய் அது.

அவர் சும்மா படுத்திருந்தால்கூட எப்படியாவது ஓட்டியிருப்பாள். அவர் சும்மா இருக்கவில்லை. வயிற்றின்மேல் இருந்த வலது கை கீழே இறங்கியது. சுவரை விட்டுத் தரைக்கு வந்தது, தரையிலிருந்து பாய்க்கு வந்தது. ஒருநாள் முகிலாவின் தலையணை உறையில் பொட்டுப் பொட்டாக ஒரு எழுத்து இருந்தது. துவைத்துப் போட்டாள். பிறகு யூனிபார்ம் சட்டைப் பையின்மேல் இருந்தது. மு, கி, லா என்று அவர் கையெழுத்தில், அவர் வைக்கிற அதே இடைவெளியில். பார்த்ததும் புஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்படி ஒரு சந்தோஷம். சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாள், மக்கின வாடையோடு.

அந்த வாரக் கடைசியில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கும்போது, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, தோலில், கறுப்புப் பொட்டுகளைப் பார்த்தாள். மு முடிந்திருந்தது. கி ஆரம்பித்திருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை, நகத்தால் சுரண்டினாள், பிள்ளை வலிக்குது வலிக்குது என்று அழுது, அழுகையில் இளைப்பு ஏறி, உதடு நீலம் பாரித்து, அவள் தோளிலேயே துவண்டு விழுந்தது. மேல் மூச்சு வாங்கி நெஞ்சு நிதானத்துக்கு வரும்வரை புஷ்பம் அந்த ஈர முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தன்னுடையது என்று நினைத்த பொருளில் பேரை வெட்டுகிறார், அவருக்குத் தெரிந்தது அதுதான். பேர் வெட்டி முடித்துவிட்டால் பிள்ளை எங்கே போகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

தலை துவட்டிய துண்டோடு மாடிப்படி ஏறினாள். அண்ணாச்சி ஊஞ்சலில் உட்கார்ந்து மகள் கல்யாணத்துக்கு எடுத்த ஜவுளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“அண்ணாச்சி, சுவரு கொத்தணும்.”

“நீதான வேண்டாம்ன?” என்றார். உடனே குரல் இறங்கியது. “இப்போ எந்தக் கொத்தனாரும் வரமாட்டேங்கான் தாயி. பொணத்து மேல உளி வைக்க முடியாதுங்கான். எனக்கும் பயமாத்தான் இருக்கு. தையில கல்யாணம்.”

“சுவரு ஒங்க பொறுப்பு அண்ணாச்சி. அவியள எடுக்கது என் பொறுப்பு. இந்தத் தடவ பட்டப்பகல்ல, தலைவாசல் வழியாத்தான் எடுப்பேன். நீங்க வேண்டாம்னு சொல்லக்கூடாது.”

அண்ணாச்சி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். உள்ளறை வாசலில் கல்யாணப் பெண் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பார்த்த பிறகும் அவள் போகவில்லை. அண்ணாச்சிக்குத் தலை கவிழ்ந்தது. “எடு தாயி” என்றார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. முதலில் பிளம்பர் வந்தான். மாடிக் குளியலறையில் ஓரமாக ஒரு டைல்ஸைப் பெயர்த்து, உள்ளே கையை விட்டு, குழாய் திரும்புகிற வளைவில் விரிசல் விட்டிருந்த ஒரு எல்போவைக் கழற்றிக் காட்டினான். உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சாமான். வேறொன்றை மாட்டிவிட்டு, கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான். அவ்வளவேதான். இத்தனை வருஷம் ஆவுடையப்பன் படியேறியது அந்த எல்போவுக்காகத்தான்.

பிறகு சங்கு ஊதினார்கள். புஷ்பம் குடத்துத் தண்ணீரைச் சுவரில் மெள்ள ஊற்றிக் குளிப்பாட்டினாள், நெற்றி இருந்திருக்க வேண்டிய வெறும் இடத்தில் திருநீறு பூசினாள். உறவுமுறை கோடி கொண்டுவர வேண்டும், அவள் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. குத்தாலிங்கம் அண்ணாச்சி மாப்பிள்ளைக்கு என்று எடுத்து வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியோடு இறங்கி வந்து, முதல்முறையாக நிலைப்படி தாண்டி, குனிந்து, சுவரோடு அதைச் சாத்தினார். கல்யாண ஜவுளியில் கை வைத்துச் சாவுக்கு எடுக்கிறவன் உலகத்தில் உண்டா என்று கூட்டம் திகைத்தது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை, புஷ்பமும் அவரைப் பார்க்கவில்லை. மன்னிப்பு என்பதெல்லாம் அங்கே இல்லை.

முறை செய்தால் வருகிறேன் என்றிருந்த கொத்தனார், குளிப்பாட்டிக் கோடி போட்ட பிறகு வந்து, கும்பிட்டுவிட்டு, கால் பக்கமிருந்து கொத்தத் தொடங்கினார். ஊறிப்போன சாந்து சத்தமில்லாமல் பெயர்ந்து விழுந்தது. முடிச்சோடு பாதம் வந்தது, முழங்கால் வந்தது. பெயர்ந்த துண்டுகளைப் பெண்கள் அந்த வேட்டியில் ஏந்தி, வாசலில் பச்சை ஓலையில் கட்டியிருந்த பாடையில் கொண்டுபோய் வரிசை மாறாமல் வைத்தார்கள். கோணல் சுண்டுவிரல் இருந்த துண்டைப் புஷ்பம் கொஞ்ச நேரம் தரவில்லை. ஜெயசெல்வி அக்கா, “குடு பிள்ள, நேரமாவுது” என்று விரல் விரலாகப் பிரித்து வாங்கினாள். ஆவுடையப்பன் தன் வீட்டுத் தலைவாசல் வழியாக, கால் முன்னே போக, தெருவே பார்க்கப் புறப்பட்டார். முகிலாவே கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னால் நடந்தாள். தூக்கினவர்கள், சாந்துதானே என்று நினைத்ததற்கு ஒரு ஆள் கனம் கனத்தது என்றார்கள். இந்தத் தடவை எரிக்கவில்லை, ஆற்றில் கரைத்தார்கள். அவர் போன கையோடு பெண்கள் வீட்டை வாசல்வரை கழுவிவிட்டார்கள்.

சுவர் பூசினார்கள், காய விட்டார்கள், வெள்ளை அடித்தார்கள். தை வந்தது, மாடியில் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மாசி வந்தது, பூசணம் வரவில்லை. பிள்ளையின் முதுகில் மு மங்கி மங்கி ஒருநாள் இல்லாமலே போயிற்று. இளைப்பு நின்றது. டாக்டரம்மா மருந்தைக் குறைத்தாள். எல்லாரும், ஒரு வழியா விடிஞ்சுது பிள்ள என்றார்கள். புஷ்பமும் ஆமாம் என்றாள்.

பங்குனியில் வெயில் கொளுத்தத் தொடங்கிய ஒரு மத்தியானம், முகிலா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டிய அளவுக்குச் சத்தமில்லாத மூச்சு. புஷ்பம் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, மிச்சத்தைக் கையில் ஊற்றி, முன்னறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தெற்கு ஓரமாக, தான் முன்னே தேய்த்து அழித்த அந்த இடத்தில் தெளித்தாள். சுவர் உறிஞ்சியது. இன்னொரு கை தெளித்தாள். ஈரம் கொஞ்சம் கறுத்து, வட்டமாகப் படர்ந்தது. இந்தத் தடவை முகம்தான் முதலில் வரும் என்று அவள் முழங்காலிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே முகிலா தூக்கத்தில் ஒருதரம் இருமினாள்.

புஷ்பம் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்து, அந்த இடத்தைத் துடைத்தாள். ஈரம் போகும்வரை துடைத்தாள், ஈரம் போன பிறகும் துடைத்தாள்.